மை ஊற்றிப் பழகுங்கள்: பவுண்டன் பேனா சேகரிக்க ஆசைப்படுபவர்களுக்கு

என் மேசை இழுப்பறைக்கு இதுவரை 43 பவுண்டன் பேனாக்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றில் நிஜமாகவே வேண்டியவை எத்தனை என்று கேட்டால் 12 என்பேன். மீதி 31ம் முதல் இரண்டு வருட அவசரத்தில் வாங்கியவை. படத்தில் அழகாக இருந்தது, தள்ளுபடி போட்டிருந்தார்கள், நண்பர் வாங்கிவிட்டார் என்று ஆளுக்கொரு காரணம். அந்த 31 பேனாவின் காசை உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தரலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பள்ளியில் மை பேனாவில் எழுதியவர்களுக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். நிப்பைத் தரையில் தேய்த்தவர்கள், அரை பிளேடை வைத்துக் கீறலை அகட்டியவர்கள், பக்கத்துப் பையனிடம் இரண்டு சொட்டு மை கடன் வாங்கியவர்கள், கை மையைத் தலைமுடியில் துடைத்தவர்கள். அந்த அறிவில் சரிபாதியை இப்போது மறக்க வேண்டியிருக்கும். முதலில் மறக்க வேண்டியது தரையையும் பிளேடையும்.

ஒரே ஒரு பேனா, ஒரு மாதம்

முதல் படி, ஒரு பேனா வாங்குவது. இரண்டாவது படி, ஒரு மாதத்துக்கு அடுத்ததை வாங்காமல் இருப்பது. இரண்டாவதுதான் கஷ்டம்.

சில நூறு ரூபாய்க்குள் முடிக்க வேண்டுமென்றால் ஜப்பானிய பிளாட்டினம் பிரெப்பி போதும். பிளாஸ்டிக்தான், ஆனால் அதன் மூடிக்குள் இருக்கும் அடைப்பு அவ்வளவு நேர்த்தி. பல வாரம் சும்மா கிடந்தாலும் எடுத்த எடுப்பில் எழுதும். இன்னும் கொஞ்சம் செலவழிக்கலாம் என்றால் பைலட்டின் மெட்ரோபாலிடன், ககுனோ. ஓரிரு ஆயிரம் தாண்டினால் ஜெர்மனியின் லாமி சஃபாரி. 1980இல் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வந்த பேனா அது. விரல் பதியும் இடத்தைப் பட்டையாகச் செதுக்கியிருப்பார்கள். சிலருக்கு அது வரம், என்னைப் போல் பேனாவைக் கோணலாகப் பிடிப்பவருக்குத் தண்டனை. கடையில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஹீரோ பேனாவை மறந்துவிடவில்லை. ஷாங்காயிலிருந்து வந்து, பர்மா பஜாரில் விற்று, சட்டைப் பையில் தங்க நிற மூடி தெரியக் குத்திக்கொண்ட தலைமுறை ஒன்று இங்கே உண்டு. பாசத்துக்காக ஒன்று வாங்கி வைக்கலாம். ஆனால் முதல் பேனாவாக வேண்டாம். பத்தில் ஏழு நன்றாக எழுதும், மூன்று எழுதாது. உங்கள் கைக்கு வந்தது எந்த வகை என்று சொல்லும் அனுபவம் இன்னும் உங்களுக்கு வந்திருக்காது.

தமிழ் எழுதுகிறவருக்கு எந்த நிப்பு?

பேனா பற்றிய ஆலோசனைகளில் பெரும்பாலானவை ஆங்கிலம் எழுதுகிறவரை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. நமக்குச் சிக்கல் வேறு. 'ணை', 'ஞ', 'இ', 'ஐ' என்று எழுதிப் பாருங்கள். சுழி, சுழிக்குள் சுழி, பக்கத்தில் கொம்பு. கோடு போட்ட நோட்டில் ஒரு வரி உயரத்துக்குள் இத்தனையும் அடங்க வேண்டும். தடித்த நிப்பால் எழுதினால் ண-வின் கண்கள் மூடிக்கொண்டு மூன்று கரும்புள்ளிகள்தான் மிஞ்சும். மெய்யெழுத்தின் புள்ளி மேல்வரியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே சிறிய கையெழுத்துக்காரர்கள் ஃபைன் நிப்பில் தொடங்குங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஜப்பானிய ஃபைன் பெரும்பாலும் ஐரோப்பிய எக்ஸ்ட்ரா ஃபைன் அளவுக்கு மெல்லியது, ஜப்பானிய மீடியம் ஐரோப்பிய ஃபைனுக்குச் சமம். பட்டையாக வெட்டிய இட்டாலிக் நிப்பில் ஆங்கிலம் ஜோராக வரும். தமிழிலோ கை எல்லாத் திசையிலும் வளைந்து போவதால் அதன் விளிம்பு இடதுபக்கம் திரும்பும் இடங்களில் தாளைக் கீறும். அதைப் பத்தாவது பேனாவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தங்க நிப்பா, எஃகு நிப்பா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். தாளைத் தொடுவது தங்கமும் அல்ல, எஃகும் அல்ல. நுனியில் பற்றவைத்திருக்கும் கடினமான உலோகக் குண்டுதான். அதை இரிடியம் என்று சொல்வது வழக்கம், இன்று பெரும்பாலும் வேறு கலவைகள். அந்தக் குண்டை எவ்வளவு ஒழுங்காகத் தேய்த்திருக்கிறார்கள் என்பதில்தான் எழுத்தின் சுகம் இருக்கிறது. நன்றாகத் தேய்த்த எஃகு நிப்பு, அரைகுறையாகத் தேய்த்த தங்க நிப்பைத் தோற்கடிக்கும். தங்கத்தின் மெத்தென்ற வளைவு பிடித்துப்போனால் பின்னால் வாங்கிக்கொள்ளுங்கள்.

மை

முதல் புட்டி கழுவினால் போகிற சாதாரண நீலமாக இருக்கட்டும். கேமல், பார்க்கர் குயிங்க், பெலிக்கான் 4001 எதுவானாலும் சரி. கொல்கத்தாவின் சுலேகா மையும் இப்போது மறுபடி கிடைக்கிறது. 1934இல் சுதேசி மையாகத் தொடங்கி, இடையில் பல வருடம் மூடிக் கிடந்து, திரும்ப எழுந்த கம்பெனி. கேரளத்திலிருந்து வரும் கிருஷ்ணா மைகளின் நிறங்கள் அழகு, சில கழுவுவதற்குக் கொஞ்சம் அடம்பிடிக்கும்.

ஓவியக் கடையில் விற்கும் இந்தியன் இங்க் வேண்டாம். அதில் அரக்கு கலப்பது வழக்கம், உள்ளே காய்ந்தால் பேனா போனதுதான். ஸ்டாம்ப் பேடு மையும் கூடாது. இரண்டு கம்பெனி மைகளைக் கலக்கவும் வேண்டாம், சில சேர்மானங்கள் திரிந்து சகதியாகிவிடும்.

பழைய பத்திரங்களில் இருக்கும் கருநீலத்தைப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மாசிக்காயின் துவர்ப்பும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்தால் வரும் கருப்பு அது. எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டுப் பட்டுக் கறுக்கும், தண்ணீர் கொட்டினாலும் அழியாது. இன்றும் அந்த வகை மை பேனாவுக்கேற்ற மிதமான பக்குவத்தில் கிடைக்கிறது. அமிலத்தன்மை உண்டு என்பதால் பேனாவில் ஊற்றிவிட்டு மறந்துபோகக் கூடாது. அவ்வளவுதான்.

தாளைப் பற்றிச் சுருக்கமாக: அதன் எடையைச் சொல்லும் ஜிஎஸ்எம் எண்ணை நம்பாதீர்கள். டோமோயே ரிவர் என்ற ஜப்பானியத் தாள் வெறும் 52 ஜிஎஸ்எம், பின்பக்கம் மை ஊறி வராது. நம்மூர் 100 ஜிஎஸ்எம் நோட்டில் மை சிலந்திக்கால் போலப் படர்வதும் உண்டு. தாளின் மேல் போடும் பசைப் பூச்சுதான் விஷயம். தினசரிக் கிறுக்கலுக்கு நான் கரூர்ப் பக்கத்து டிஎன்பிஎல் ஆலையின் தாளைப் பயன்படுத்துகிறேன். கரும்புச் சக்கையை முக்கியமான மூலப்பொருளாக வைத்து நடக்கும் ஆலை அது. என் மைகளுக்கு அந்தத் தாள் ஒத்துப்போகிறது.

ஊற்றுவதும் கழுவுவதும்

புதுப் பேனாவை முதலில் கழுவுங்கள். கடைசல் எண்ணெயின் மிச்சம் உள்ளே இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, கழுத்துப் பகுதியை மட்டும் முக்கி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, நுனியைத் துணியில் ஊன்றி நிறுத்தி ஒரு ராத்திரி காயவிட்டால் போதும். சுடுதண்ணீர் ஒருபோதும் கூடாது.

மை மாற்றும்போதும் இதே வேலைதான். மருந்துக்கடையில் 5 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கி, ஊசியைக் கழற்றிப் போட்டுவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கழுவவும் உதவும், சொட்டு மை ஊற்றவும் உதவும்.

நம் ஊர்ப் பேனாக்களில் பல, குழலுக்குள் நேரடியாக மை ஊற்றும் வகை. கன்வெர்ட்டரில், அதாவது பேனாவுக்குள் மாட்டும் சின்ன மை உறிஞ்சியில், ஒரு மில்லி கொள்வதே அதிகம். இதில் இரண்டு, மூன்று மில்லி தாராளமாகப் பிடிக்கும். ஊற்றியதும் மரையில் சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவி மூட வேண்டும். தண்ணீர் புகாத கைக்கடிகாரங்களுக்குப் போடுவார்களே, அதே கிரீஸ். வாசலின் வேண்டாம், ரப்பரைத் தின்றுவிடும்.

இந்தப் பேனாக்கள் கக்கும் என்று ஒரு கெட்ட பெயர் உண்டு. ஏன் கக்குகிறது என்று புரிந்துகொண்டால் தொல்லை பாதி தீர்ந்தது. மை குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று நிரப்பும். கைச்சூடு குழலில் ஏறும்போது அந்தக் காற்று விரியும், விரிந்த காற்று மையை வெளியே தள்ளும். நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கில் மீன் செவுள் போல வரிவரியாக வெட்டியிருப்பது இந்த உபரி மையைத் தாங்கிக்கொள்ளத்தான். அது நிறைந்துவிட்டால் அடுத்த சொட்டு உங்கள் தாளில் விழும். சென்னை மே மாதத்தில், கால்பங்கு மையோடு, சட்டைப் பையில் வைத்த பேனாவை வேறு என்ன செய்யச் சொல்வீர்கள்? மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போதே நிரப்பிவிடுங்கள். ஸ்கூட்டர் பெட்டிக்குள் பேனா வைக்காதீர்கள். விமானத்தில் போனால் முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலி செய்தோ, நிப்பு மேலே பார்க்க வையுங்கள்.

சேகரிப்புக்கு ஒரு திசை

ஒரு மாதம் எழுதியாயிற்று. உங்கள் கைக்கு எந்த எடை, எந்தத் தடிமன், எந்த நிப்பு என்று இப்போது தெரியும். இனிதான் சேகரிப்பு. கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் அது குவியல். ஏதாவது ஒரு நூலைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு கம்பெனி, ஒரு காலம், மை நிரப்பும் ஒரு முறை, அல்லது ஒரு பொருள்.

நான் பிடித்துக்கொண்டது எபோனைட். ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுக்கினால் வருவது. உலகத்தில் பெரிய கம்பெனிகள் எல்லாம் பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகும் இந்தியாவில் கையால் கடைந்து எபோனைட் பேனா செய்பவர்கள் தொடர்ந்து இருக்கிறார்கள். ராஜமுந்திரியின் ரத்னம் பேனாவுக்கு ஒரு கதை உண்டு. சுதேசிப் பொருள் ஏதாவது செய் என்று 1921இல் காந்தி சொன்னதை கே.வி. ரத்னம் பிடித்துக்கொண்டார். முழுக்க உள்நாட்டிலேயே செய்த பேனா காந்தியிடம் போய்ச் சேர்ந்து, 1935இல் நன்றிக் கடிதம் வந்தது. ஹைதராபாத்தில் டெக்கான் பென்ஸ். சென்னைப் பாரிமுனையில் 1920களிலிருந்து ஜெம் அண்ட் கோ, அவர்களுடைய காமா பேனாக்கள். திருவள்ளூரில் ரங்கா. வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நின்று வாங்கும் பேனா, நமக்கு மின்சார ரயில் போகிற தூரத்தில் உருவாகிறது.

சொல்லிச் செய்யும் பேனா வாங்குவது தனி சுகம். முதலில் வடிவம். அடுத்து கட்டையின் நிறம்: தனிக் கருப்பா, பச்சையும் கருப்பும் மரவரி போல ஓடுவதா. பளபளப்பா, மங்கலா. கிளிப் வேண்டுமா. நேரடியாக மை ஊற்றுவதா, கன்வெர்ட்டரா. நிப்பு 5ஆம் எண்ணா, 6ஆம் எண்ணா. நான் எப்போதும் 6ஆம் எண் கேட்பேன், பின்னால் ஜோவோ, பாக் போன்ற ஜெர்மன் நிப்புகளை மாற்றிப் போட அதில்தான் வசதி அதிகம். எல்லாம் சொல்லிவிட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நச்சரிக்காதீர்கள்.

எபோனைட்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டைவிரலால் பேனாவை அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள், சூடேறும் வரை. பிறகு மோந்து பாருங்கள். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும்போது வரும் வாசனை லேசாக வந்தால் எபோனைட். வாசனை இல்லாவிட்டால் உடனே முடிவுகட்டிவிட வேண்டாம், மெருகு போட்ட சில பேனாக்கள் சுலபத்தில் காட்டிக்கொடுக்காது.

எபோனைட்டைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. இதை நான் கற்றுக்கொண்ட விதம் கேவலமானது. பழைய கருப்புப் பேனா ஒன்று, குழலில் நுண்ணிய அலைக்கோடு வேலைப்பாடு. உள்ளே காய்ந்த மை கரையட்டும் என்று மூடியும் குழலுமாக ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் எடுத்தபோது மூடியில் மரைக்கு மேல் இருந்த பாகம் மட்டும் கருப்பு, மற்றதெல்லாம் பாசி பிடித்த பழுப்பு. வெயிலும் தண்ணீரும் மேல்பரப்பில் இருக்கும் கந்தகத்தோடு செய்யும் வேலை அது. தேய்த்தால் நிறம் திரும்பும், அலைக்கோடு போய்விடும். அப்படியே வைத்திருக்கிறேன்.

பழைய பேனா வாங்கும்போது

பழையதில் தொடங்க ஆசை என்றால் பார்க்கர் 51ஐப் பாருங்கள். 1941இல் சந்தைக்கு வந்தது. நிப்பு கூடுக்குள் மறைந்திருப்பதால் மை சீக்கிரம் காயாது. 1948 முதல் வந்த, உள்ளே பையை அழுத்தி நிரப்பும் வகையில் அந்தப் பை ரப்பர் அல்ல என்பதால் இன்றைக்கும் பல பேனாக்களில் அசல் பையே உயிரோடு இருக்கிறது. கோடிக்கணக்கில் செய்ததால் விலையும் எட்டாத உயரத்தில் இல்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை சில. மூடியின் விளிம்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துச் சுற்றுங்கள், மயிரிழை விரிசல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் நிப்பைப் பாருங்கள். இரண்டு பற்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, நுனிக் குண்டு இருக்கிறதா. குண்டு தேய்ந்து போன தங்க நிப்பு தங்கத்தின் விலைக்குத்தான் ஆகும். பக்கவாட்டு நெம்புகோல் உள்ள பேனாவில் நெம்புகோலை உடனே இழுக்காதீர்கள். உள்ளே ரப்பர் பை கல்லாக இறுகியிருக்கும், உடைந்துவிடும்.

நிப்பில் 585 என்றிருந்தால் 14 காரட், 750 என்றால் 18. 'இரிடியம் பாயிண்ட் ஜெர்மனி' என்று பொறித்திருந்தால் மயங்காதீர்கள், ஜெர்மனி மண்ணை மிதிக்காத எத்தனையோ நிப்புகளில் அதே வாசகம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்றில் 'வெள்ளைக்காரர் வைத்திருந்த மோன்ட்பிளாங்க்' என்று ஒருவர் என்னிடம் 4,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டார். வீட்டுக்கு வந்து கழற்றினால் மூடியின் வெள்ளை நட்சத்திரம் ஸ்டிக்கர். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பக் கூடாது என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் வாங்கினேன்.

கீறும் நிப்பைச் சரிசெய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். முக்கால்வாசிக் கீறலுக்குக் காரணம் பற்கள் மேலும் கீழுமாக இருப்பதுதான், நகத்தால் மெல்ல அழுத்தினாலே சமமாகும். மெருகுத் தாளை எடுப்பது கடைசி வழி. தேய்த்ததை ஒட்ட முடியாது.

கூட்டாளிகளைத் தேடுவது

இந்த 31 பேனா விரயத்தை நிறுத்தியது மனிதர்கள்தான். ஒரு பேனாவைப் பத்து நிமிடம் எழுதிப் பார்த்துவிட்டால் வாங்கும் வெறி பாதி அடங்கிவிடும். கடையில் அவ்வளவு நேரம் எழுத விடமாட்டார்கள். நண்பர் விடுவார்.

ஆட்களை எங்கே பிடிப்பது? பேனாக் கடையிலேயே. சனிக்கிழமை மாலை, ரீஃபில் கேட்டு வருபவர்களுக்கு நடுவில், நிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்பார். பேச்சுக் கொடுங்கள். கடைக்காரரிடமும் சொல்லிவையுங்கள், அவருக்கு எல்லாக் கிறுக்கர்களையும் தெரியும். பெரிய நகரங்களில் பேனாக் கண்காட்சிகளும் நடக்கின்றன. சிறிய ஊர் என்றால் மூன்று பேர் போதும், ஒரு டீக்கடை மேசை போதும். நவம்பர் மாத முதல் வெள்ளிக்கிழமையை 2012 முதல் பவுண்டன் பேனா நாளாகப் பல நாடுகளில் கொண்டாடுகிறார்கள். முதல் கூட்டம் போட அது நல்ல சாக்கு.

நான் முதன்முதலில் போன சந்திப்பில் ஆறு பேர். மேசை மேல் பழைய வேட்டி விரித்து, அதில் ஐம்பது பேனாவாவது இருக்கும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கல்லூரிப் பெண் ஒருத்தி, ஒரு பல் மருத்துவர். நான் புதுசாக வாங்கிய பேனாவைப் பெருமையாக எடுத்து வைத்தேன். ஆசிரியர் வாங்கி, ஒரு திருக்குறள் எழுதி, "நல்லா இருக்கு தம்பி, ஆனா நீங்க ரொம்ப அழுத்துறீங்க" என்றார். எழுதியது அவர், எனக்குப் புரியவில்லை. நிப்பைத் திருப்பிக் காட்டினார். பற்களுக்கு நடுவே கீறல், நுனியில் லேசாக விரிந்திருந்தது. பால்பாயிண்ட் பிடித்த கை. பல் மருத்துவர் தன் லென்ஸோடு குனிந்து ஐந்தே நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தார்.

அந்த மேசைக்கு எழுதப்படாத சட்டங்கள் உண்டு. அடுத்தவர் பேனாவைக் கேட்காமல் தொடக்கூடாது. எழுதும்போது மூடியைப் பின்னால் மாட்டக்கூடாது, அரக்கு வேலை செய்த பேனாவில் வளையம் விழும். தமிழோ ஆங்கிலமோ, பேனாவின் எடை மட்டுமே தாளில் விழ எழுத வேண்டும். நிப்பு வளையுமா என்று அழுத்திப் பார்க்க வேண்டுமானால் உடையவரிடம் கேட்க வேண்டும். விலை என்ன என்று முதல் கேள்வியாகக் கேட்பது அழகல்ல, மூன்றாவது கேள்வியாகக் கேட்கலாம்.

மைப் பரிமாற்றம்தான் இந்தச் சந்திப்புகளின் பெரிய லாபம். ஒரு முழுப் புட்டி வாங்குவதற்குப் பதில், ஆளுக்கு இரண்டு மில்லி சின்னக் குப்பிகளில் மாற்றிக்கொண்டால் ஒரே மாலையில் பத்து நிறம் கிடைக்கும். சிரிஞ்சைப் புட்டி மாறும்போதெல்லாம் கழுவுங்கள். ஒருவர் மையில் பூஞ்சை இருந்தால் எல்லோர் புட்டிக்கும் பரவும். மையின் மேல் பாசி போல ஏதாவது மிதந்தாலோ ஈரத்துணி நாற்றம் அடித்தாலோ அந்தப் புட்டியைத் தூக்கிப் போடுங்கள், அது யார் கொடுத்ததாக இருந்தாலும் சரி.

விற்பதும் வாங்குவதும் நண்பர்களுக்குள் நடக்கும். விற்றால் குறையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். நான் என் 31இல் 9ஐ இப்படித்தான் கழித்தேன்.

இன்னொன்று, குறிப்பேடு. எந்தப் பேனா, எப்போது வாங்கியது, யாரிடம், என்ன விலை, எந்த மை, எந்தத் தேதியில் ஊற்றியது. அந்தந்தப் பேனாவாலேயே அந்தந்த வரியை எழுதுங்கள். ஒரே நேரத்தில் மூன்று பேனாவுக்கு மேல் மை ஊற்றி வைக்காதீர்கள், நான்காவது காய்ந்துபோகும். என் நோட்டில் சில பேனாக்களுக்கு வாங்கிய தேதி மட்டும் இருக்கிறது, மை ஊற்றிய தேதி இல்லை. அடுத்து எதை விற்பது என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறேன்.

முதல் சந்திப்புக்குக் கிளம்பும்போது உங்கள் நோட்டு, கழுவிய சிரிஞ்சு, நாலு காலிக் குப்பி, ஒரு கந்தல் துணி எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம்.